காயல் பக்கத்துக் கதவு

நேற்று நீங்கள் புதுச் சீருடையில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். தொப்பி எல்லோருக்கும் பெரிதாக இருந்தது. எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. உள்ளே கொஞ்சம் துணி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பையைச் சோதிக்கக் குனியும்போதெல்லாம் அது கண்ணை மறைக்கும். கண்ணை மறைக்கும் எதையும் நம் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மாதத்தோடு நான் போகிறேன். விடைபெறுகிறவர்கள் நரைத்த தலையோடுதான் இருக்க வேண்டும் என்றில்லை. வல்லார்பாடம் துறைமுகத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே தொப்பிக்குப் பதில் ஹெல்மெட். போகும் முன், பயிற்சி வகுப்பில் சொல்லாத சிலவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. மெட்டல் டிடெக்டரைப் பிடிப்பது எப்படி, வாக்கி-டாக்கியில் பேசுவது எப்படி என்பதெல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவன் ஆயுதத்தோடு கூட்டத்துக்குள் புகுந்தால் அந்த முதல் சில நொடிகளில் உங்கள் தலைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நொடிகளில் அங்கே புதிதாக எதுவும் முளைக்காது. முன்பே போட்டு வைத்ததுதான் கைக்கு வரும்.

தமிழில் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். எழுத்துக்கூட்டிப் படியுங்கள், அவசரமில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். மலையாளத்தைப் பள்ளியில் கற்றேன். தமிழை நானாகவே கற்றேன். அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நாம் சொல்லாவிட்டால் 'அந்த கேட்டில் நிற்கிற பெண்ணு' என்பதோடு நம் கதையை முடித்துவிடுவார்கள்.

முதலில் இடப்பள்ளியில் ஒரு மாலில் நின்றேன். என்னோடு அதே நாளில் சேர்ந்தவள் ரம்லா. நான் மலையாளம் கலந்து தமிழ் பேசுவேன், அவள் தமிழ் கலந்து மலையாளம் பேசுவாள். நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வோம். ஒரு நாள் பிற்பகல் படபடவென்று சத்தம் கேட்டது. நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். எட்டிப் பார்த்தால், புதிதாகத் திறந்த கடையில் பலூன்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைத் திட்டினார். மொத்த மாலும் சிரித்தது.

அதன் பிறகு பல நாள் என் பின்னால் வந்து காகிதக் கோப்பையைக் காலால் மிதித்து வெடிக்கச் செய்வது எல்லோருக்கும் பொழுதுபோக்கானது. "செல்வீ, ஓடிக்கோ!" என்பார்கள். ரம்லாவும் மிதித்தாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவளிடம் கேட்டேன்.

"அது பலூன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"எல்லாரும் சிரிச்சப்போ."

"சிரிக்காம இருந்திருந்தா?"

"பின்னெ நீ எந்தா தனியா அந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போனே? என்னையும் விளிச்சிருக்கலாமே" என்றாள். கேலி செய்கிறாளா என்று சந்தேகத்தோடு பார்த்தேன். செய்யவில்லை. மறுநாள் முதல் அவளும் தூணுக்குப் பக்கமாகவே நின்றாள்.

நம் ஊரில் சத்தம் கேட்டதும் நகர்வது எல்லா ஊரையும்விடக் கடினம். கோயில் உற்சவம், தேவாலயப் பெருநாள், கல்யாணம் என்று ஏதாவது ஒன்றுக்கு எங்காவது வெடித்துக்கொண்டே இருக்கும். எந்தச் சத்தம் கேட்டாலும் 'படக்கம்', பட்டாசுதான் என்று சொல்லிவிட்டுச் சாயாவை உறிஞ்சுகிறவர்கள் நாம். உறிஞ்சுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்று உறிஞ்சுங்கள். சத்தம் என்ன என்று அங்கிருந்து விசாரித்துக்கொள்ளலாம். சிரிப்பு வந்தால் வரட்டும்.

மட்டாஞ்சேரியில் இப்போது நீங்கள் சேர்ந்திருக்கும் ஓவியக் கண்காட்சி மண்டபத்துக்கு நானும் ரம்லாவும் ஒன்றாகவே மாற்றலாகி வந்தோம். அது பழைய மசாலாச் சரக்குக் கிடங்கு என்பது உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் சுக்கு வாசம் கிளம்பும். முன்பக்கம் தெரு, பின்பக்கம் காயல், நடுவில் உணவுக் கடைகள் போட்ட முற்றம், அதைத் தாண்டினால் ஓவியங்கள் மாட்டிய நீண்ட கூடம். தெருவில் யானை நுழையும் அளவுக்குப் பெரிய கதவு. ஆனால் அதை அப்போது தாழிட்டே வைத்திருந்தோம். அதற்குள் இருக்கும் திட்டிவாசலை மட்டும் திறந்து வைக்கிறோம். ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வந்தால் பையைச் சோதிப்பது சுலபம் அல்லவா!

அந்த வாசலில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுக்குச் சட்டையும் தாடியுமாக ஒருவர் வந்தார். பைக்குள் நீளமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. ஆண் காவலர்கள் இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆளும் போனான். நானும் ரம்லாவும்கூட கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். அவர் என் பெயர்ப் பட்டையைப் பார்த்து, "அக்கா, நீங்க தமிழா? நீங்களாவது சொல்லுங்க. உங்க ஆபீஸ்லேர்ந்துதான் கூப்டாங்க, சுவத்துல ஓட்ட போடணும்னு" என்றார். பையில் இருந்தது டிரில் மெஷின். அதைச் சரிபார்த்து முடிப்பதற்குள் ஒரு பேருந்துக் கூட்டமே எங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ளே போய்விட்டிருந்தது. ஒரு பையைக்கூட யாரும் பார்க்கவில்லை.

சந்தேகப்படுவது நம் தொழில். அதை விடச் சொல்லவில்லை. தாடியையும் சட்டையையும் பேச்சையும் சந்தேகித்தால் அது சோம்பேறிச் சந்தேகம். கைகளைப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது, எதைப் பிடித்திருக்கிறது, எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஒருவரை ஒருத்தி சோதிக்கும்போது மற்றவள் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. அதற்குப் பிறகு, சந்தேகத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து, நாம் நிற்கும் இடத்தின் மேலும் செலுத்துங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

கூடத்தின் கடைசியில், காயல் பக்கம், ஒரு இரட்டைக் கதவு இருக்கிறது. அந்தக் காலத்தில் வள்ளத்திலிருந்து மூட்டை இறக்கிய வழி. அதன் முன்னால் ஒரு பெரிய துணி ஓவியத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் துணியை விலக்கிக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. குறுக்குக் கட்டை போட்டு, அதன் மேல் சங்கிலி சுற்றி, என் முஷ்டி அளவில் ஒரு பூட்டு.

சூப்பர்வைசரிடம் போனேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மீசையைத் தடவாமல் பேச மாட்டார். சாவிக்கு 'தாக்கோல்' என்பார்.

"பூட்டு இல்லெங்கில் காயல் வழி கள்ளன் கேறும், செல்வி."

"அவசரத்துக்கு என்ன சார் பண்றது?"

"தாக்கோல் ஆபீஸில் உண்டல்லோ."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"கேட்டின்ட அடுத்து."

"அப்போ, கேட்ல ஒருத்தன் கத்தியோட நின்னா, நான் கேட்டுக்கு ஓடி, அவன்கிட்ட 'கொஞ்சம் தள்ளிக்கோ சேட்டா'ன்னு சொல்லி, சாவியை எடுத்துட்டு வந்து பின்னாடி திறக்கணும்."

அவர் மீசையிலிருந்து கையை எடுத்தார். "நினக்கு நாக்கு கூடுதலாணு" என்றார். ஆனால் நேராக மேனேஜர் மேடத்திடம் அழைத்துப் போனார். மேடம் எர்ணாகுளத்திலிருந்து தினமும் படகில் வருகிறவர். எதையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார். "அங்கே முழுநேரமும் ஒருத்தர் நின்றால் பூட்டை எடுத்துவிடலாம், யார் நிற்பது?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிற்கிறேன் என்றேன், பூட்டையும் சங்கிலியையும் எடுத்தார்கள்.

முன்வாசலில் நிற்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பெரிய மனிதர்கள் வருவார்கள், கேமரா வரும், சாயா தானாக வரும். பின்வாசலில் கொசு வரும். தண்ணீர் வடியும் நேரத்தில் சேற்று நாற்றம் வரும். கேலி மட்டும் எங்கேயும் தவறாது வரும். "நண்டுக்கு பேக் செக்கிங் உண்டோ, செல்வீ?" என்பான் ஒருவன். "கொக்குக்கு டிக்கெட் கிழிச்சியா?" என்பாள் ரம்லா. எனக்கு அந்தக் கதவின் மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை. கதவு திறந்தால் போதுமா? திறந்து எங்கே போவது? வெளியே இறங்கிப் பார்த்தேன். குறுகலான படித்துறை, பாசி. ஓரமாக நடந்தால் அடுத்த கிடங்கின் லாரி நிறுத்தும் முற்றம், அங்கிருந்து சந்து, சந்து முடிவில் படகுத்துறைச் சாலை. பாசியைச் சுரண்டச் சொன்னேன். அடுத்த கிடங்குக்காரரிடம் அந்த முற்றத்து கேட்டைப் பகலில் பூட்டாமல் இருக்கச் சொன்னேன். தினமும் காலையில் கட்டையைத் தூக்கி, இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து, வெளியே ஒரு நடை போய்விட்டு வருவேன்.

கேலிகளையெல்லாம் தாங்கினேன். அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இதே தெருக் கிடங்குகளில் சுக்குப் பொறுக்கி என்னைப் படிக்க வைத்தாள். அவளோடு வேலை பார்த்த பேச்சியக்கா முதலான பெண்களிடம், என் மகள் பெரிய வாசலில் நிற்கிறாள், அவளைத் தாண்டித்தான் கலெக்டரே உள்ளே போகணும் என்று சொல்லி வைத்திருந்தாள். நான் பின்னால் போனது தெரிந்ததும் சட்டியை ஓங்கி வைத்தாள்.

"என்ன தப்புட்டி செஞ்ச? பின்னாடி கொண்டு நிப்பாட்டிட்டாங்களே!"

"தப்பு செய்யலம்மா. நானா கேட்டு வாங்கினது."

"கொல்லவாசல்ல நிக்கதுக்கா உன்ன படிக்க வச்சேன்?"

அவள் நண்பர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் திருத்தவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கேயாவது கூட்டத்தில் ஏதாவது நடந்தால் என்னைத் தேடாதே. போன் செய்யாதே, நான் எங்காவது ஒளிந்திருந்தால் மணிச்சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். கிட்டே இருக்கும் வழியில் வெளியே போ, பையோ செருப்போ போனால் போகட்டும். படகுத்துறை சாயாக்கடையில் போய் உட்கார். நானும் அங்கே வருவேன்.

"வரலேன்னா?"

"வருவேன்."

"எப்படி நம்பது?" என்று கேட்டாள். சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்!

கட்டணமில்லாத ஒரு நாளில், பிற்பகலில், அம்மாவும் பேச்சியக்காவும் மற்ற பெண்களும் மண்டபத்தைப் பார்க்க வந்தார்கள். வாசலில் என்னைக் காணோமே என்று அவர்கள் கேட்டதற்கு, சாப்பிடப் போயிருப்பா, வந்துருவா என்று அம்மா சமாளித்தாளாம். நான் கூடத்தின் கடைசியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். பேச்சியக்கா ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும், "இத யாரு கிறுக்குனா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கூடத்தின் பாதிக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணோடு கண் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தால ஒண்ணும் இல்ல, வெறும் தண்ணிதான். வாங்க, சாயா குடிப்போம்" என்று அவர்களை முற்றத்துப் பக்கம் திருப்பினாள். யாரோ போல. என் காது சூடாகிவிட்டது. இதற்காகவே வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் முற்றத்தில் பாத்திரங்கள் விழும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "ஆரோ பாத்திரம் தட்டியிட்டதாணு" என்றார். பிறகு ஒரு பெண் அலறினாள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வாக்கி-டாக்கியில் ரம்லாவின் குரல் மட்டும் வந்தது. "கத்தி. உள்ளே வந்நு. முற்றம்." பயிற்சி வகுப்பில் வாக்கி-டாக்கியில் பேசவே திணறியவள், அன்று தேவையானதை மட்டும் சொன்னாள்.

நான் துணி ஓவியத்தைப் பிடித்து இழுத்தேன். அது அறுந்து விழுந்தது. கட்டையைத் தூக்கி, கதவு இரண்டையும் திறந்தேன். காற்றும் வெளிச்சமும் கூடத்துக்குள் அடித்தன. "இங்க வாங்க! ஈ வழி வா! ஈ வழி!" என்று கத்தினேன்.

ஒருவரும் வரவில்லை.

இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த கதவு கண் முன்னால் இருந்தது. சீருடை போட்ட ஒருத்தி கூப்பிடுகிறாள். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு தாங்கள் வந்த வழியைப் பார்த்தார்கள். மனிதர்கள் எந்த வாசலில் நுழைந்தார்களோ அந்த வாசலுக்குத்தான் ஓடுவார்கள். அந்தப் பக்கம்தான் ஆபத்து என்றாலும் அங்கேதான் ஓடுவார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அருகில் நின்ற ஒருவர் சட்டென்று ஓவியத்திலிருந்து தள்ளி நின்று, "தொட்டில்ல, தொட்டில்ல" என்று, தொடவேயில்லை என்பதுபோலக் கையை விரித்தார். நாள் முழுவதும் 'தொடாதீங்க, தள்ளி நில்லுங்க' என்று நாம் கத்துகிறோம் அல்லவா? என் குரலும் அவருக்கு அதில் ஒன்றாகத்தான் கேட்டது. அன்றிலிருந்து சின்ன விஷயத்துக்குக் குரலை உயர்த்துவதை விட்டேன். குரலைச் சேர்த்து வையுங்கள்.

பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்து, "நீங்க. நீல சேலை. வெளியே. வலது பக்கம் நடங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் போனாள். எல்லோரையும் பார்த்துச் சொன்னால் யாருக்கும் கேட்காது. ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவருக்குக் கேட்கும். ஆனால் ஒவ்வொருவராகச் சொல்ல எத்தனை பேர்! கூடத்தின் மறுமுனையில் கூட்டம் முற்றத்தை நோக்கித் திரும்பி நெருக்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் பேச்சியக்காவின் மஞ்சள் சேலை தெரிந்தது. பக்கத்தில் அம்மாவின் கொண்டை. அவர்கள் முற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கத்தி இருக்கும் இடத்துக்கு.

ஓடிப் போய் இழுத்துவரலாம் என்று என் கால் ஒரு எட்டு எடுத்தது. அந்தப் பெண் குழந்தையோடு படித்துறையில் இறங்குவதையும், பின்னால் இன்னும் சிலர் தயங்கி நிற்பதையும் பார்த்தேன். நான் நகர்ந்தால் அவர்களும் என் பின்னாலேயே உள்ளே திரும்புவார்கள். சீருடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் வழி என்று நினைப்பார்கள். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அம்மா அந்த நெரிசலில் இருக்கும்போதே அதைச் செய்தேன். அந்தக் கணத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

பேச்சியக்காவின் குரல் எனக்குக் கேட்டது. "ஒம் மவ வாசல்லதான நிக்கா, அங்கனயே ஓடிருவோம், அவ பாத்துக்கிடுவா!"

ஒரு நொடிதான். பிறகு அம்மாவின் குரல். சுக்குக் கிடங்கில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"ஏட்டி பேச்சி! அங்க போகாத! எம் மவ அங்க இல்ல! பின்னாடி நிக்கா! காயல் பக்கம், பின்னாடி நிக்கா! எல்லாம் இங்க வாங்கட்டி!"

பெண்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். போக இடம் தெரிந்தவர்கள் திரும்புகிற மாதிரித் திரும்பினார்கள். அதைப் பார்த்து அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் திரும்பினார்கள். அதன் பிறகு என்னிடம் வந்தது ஒரு ஆறு. நான் கதவோரமாக நின்று, "வலது பக்கம், நிக்காதீங்க, நடங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். படித்துறையில் கும்பலாக நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். அம்மா என்னைத் தாண்டும்போது நிற்கப் பார்த்தாள். "சாயாக்கடை" என்றேன். போய்விட்டாள்.

அந்த மனிதனை நான் பார்க்கவே இல்லை. கத்தியையும் பார்க்கவில்லை. உணவுக் கடைக்காரர்கள் பெஞ்சுகளைத் தள்ளி அவனை ஒரு மூலையில் மடக்கினார்கள் என்பதும், சூப்பர்வைசரின் முன்கையில் வெட்டு விழுந்தது என்பதும், ரம்லா தன் ஷாலைச் சுருட்டி அந்தக் காயத்தின் மேல் அழுத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை என்பதும் பிறகு கேட்டது. எடுத்துப் பார்க்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். அழுத்திய கை அழுத்தியபடியே இருக்க வேண்டும். அவன் ஏன் வந்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒவ்வொரு நாளும் பேப்பரில் ஒரு காரணம் வந்தது. நான் எதையும் நம்பவில்லை. யாரும் சாகவில்லை என்பதை மட்டும் ரம்லாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கத்தி பட்டவர்களைவிடத் திட்டிவாசலில் நசுங்கி எலும்பு முறிந்தவர்கள்தான் அதிகம். உள்ளே வருகிறவர்களைச் சந்தேகித்து நாம் சின்னதாக்கிய வாசல் அது. ஓடுகிறவர்களுக்கும் அதே அளவுதான் இருந்தது. இப்போது பெரிய கதவும் பகல் முழுக்கத் தாழில்லாமல் இருக்கிறதென்றால், மேனேஜர் மேடம் அந்தத் திட்டிவாசல் ஓரத்தில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்ததால்தான்.

போலீஸ் வந்தபோது என்னைப் பார்த்துத்தான் முதலில் கத்தினார்கள். "தாழெ இடு! கை பொக்கு!" கீழே போடு, கையைத் தூக்கு என்று. குறுக்குக் கட்டை என் கையில் இருந்தது. எப்போது திரும்ப எடுத்தேன், ஏன் வைத்திருந்தேன், ஒன்றும் நினைவில்லை. கட்டையைப் போட்டு, விரல்களை விரித்துக் காட்டினேன். அவர்கள் செய்ததுதான் சரி. அவர்களுக்கு நான் யாரென்று எப்படித் தெரியும்? சீருடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போலீஸ் வருகிற நேரத்தில் உங்கள் கைகள் காலியாக இருக்கட்டும்.

படகுத்துறை சாயாக்கடைக்கு நான் போனபோது வெயில் இறங்கியிருந்தது. பெண்கள் எல்லோரும் பெஞ்சில் இருந்தார்கள். பாதிப் பேர் காலில் செருப்பில்லை. அம்மா அழவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஒனக்கு வாங்குன சாயா ஆறிப்போச்சு" என்றாள்.

பேச்சியக்கா விடவில்லை. "பெரிய வாசல்ல நிக்கான்னு சொன்னியேட்டி! கலெக்டரு இவளத் தாண்டித்தான் போவாருன்னு சொன்னியே!"

"ஆமா" என்றாள் அம்மா. "உள்ள போறவன் எல்லாம் கலெக்டரு. வெளிய வந்தது ஆரு? நீதான? எவள தாண்டி வந்த?"

இப்போது அம்மா தெருவில் எல்லோரிடமும் என் மகள் பின்வாசலில் நிற்கிறாள் என்றுதான் சொல்கிறாள். வல்லார்பாடத்துக்குப் போகிறேன் என்றதும் முதலில் கேட்டது, "அங்க பின்வாசல் இருக்கா?"

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வழக்கம் போலக் கூடத்தின் கடைசிக்குப் போனேன். புதிய துணி ஓவியம் தொங்குகிறது; அழகாகத்தான் இருக்கிறது. அதை விலக்கிப் பார்த்தேன். கட்டையின் மேல் சங்கிலி. சங்கிலியில் புதுப் பூட்டு, எண்ணெய் மினுமினுப்புகூடப் போகவில்லை. யார் போட்டது என்று விசாரித்தேன். யாரும் போடவில்லையாம். ஆனால் ஏன் போட்டிருக்கலாம் என்பதற்கு எல்லோரிடமும் ஒரு நல்ல காரணம் இருந்தது. காற்றில் கதவு ஆடுகிறதாம். ஓவியம் விலை உயர்ந்ததாம். "நீதான் போகப்போகிறாயே, அங்கே இனி யார் நிற்பார்கள்?" என்றார் ஒருவர்.

ரம்லா கம்பி வெட்டும் கருவியை எங்கிருந்தோ கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்து அறுத்தோம். பூட்டு என் பையில் இருக்கிறது, கூடவே எடுத்துப் போகிறேன். இன்னொன்று வாங்குவார்கள். கண்டிப்பாக வாங்குவார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல. அதனால்தான் சந்தேகப்படச் சொல்கிறேன். நாளைக் காலையில் சாயாவுக்குப் போகும் முன் உங்களில் ஒருத்தி கூடத்தின் கடைசிக்குப் போய், துணியை விலக்கி, அந்தக் கதவைத் தள்ளிப் பாருங்கள்.